விளக்கு வாங்கும் முன் காற்றைக் கேளுங்கள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாற உட்கார்ந்தபோது என் தங்கை மகன் வந்து நின்றான். பகாங்கில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. கையில் இரண்டு கொட்டேஷன்கள்.

"மாமா, 14 விளக்கு வாங்கணும். ரெண்டு கம்பெனியும் 'எக்ஸ்புளோஷன் புரூப்'னு போட்டிருக்காங்க. ஒண்ணு 420 வெள்ளி, இன்னொண்ணு 2,150 வெள்ளி. மேனேஜர் விலை குறைஞ்சதை எடுக்கச் சொல்றாரு. நாளைக்கு நான் கையெழுத்துப் போடணும். எதை எடுக்கட்டும்?"

"முதல்ல உட்காந்து இட்லி சாப்பிடு," என்றேன். அவன் அத்தை தட்டை வைத்தார். அவன் தட்டைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்தப் பத்தியில் இதுவரை வீட்டு மின்சாரத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். இந்த வாரம் ஆலை மின்சாரம். நம் குடும்பங்களில் பாசிர் கூடாங்கிலும் கெர்த்தேயிலும் ஜூரோங் தீவிலும் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் தலைக்கு மேல் எரியும் விளக்கை யாரோ ஒருவர் அலுவலகத்தில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்திருக்கிறார். இப்போது அந்த இடத்தில் என் மருமகன் இருக்கிறான். நாளை உங்கள் பிள்ளை இருக்கலாம்.

"விளக்கை விடு. அங்கே காற்றில் என்ன இருக்கிறது?" என்று கேட்டேன்.

"பயோகேஸ்தான் மாமா."

"எங்கே இருக்கிறது? எவ்வளவு நேரம் இருக்கும்?"

பதில் வரவில்லை.

கழிவுநீரிலிருந்து வரும் வாயு

மலேசியாவில் 400க்கும் அதிகமான செம்பனை ஆலைகள் இருக்கின்றன. எண்ணெய் பிழிந்த பிறகு பழுப்பு நிறத்தில் வெளியேறும் கழிவுநீரைக் குளத்தில் தேக்குவார்கள். அங்கே நுண்ணுயிர்கள் வேலை செய்து வாயுவை உண்டாக்கும். ஒரு கன மீட்டர் கழிவுநீரிலிருந்து சுமார் 28 கன மீட்டர் வாயு கிடைக்கும் என்பது இத்துறையில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. முன்பு அது காற்றோடு போய்விடும். இப்போது பல ஆலைகள் குளத்தைத் தடித்த தாளால் மூடி, வாயுவைப் பிடித்து, மின்சாரம் தயாரிக்கின்றன. நல்ல காரியம்தான். ஆனால் அந்த வாயுவில் பெரும்பகுதி மீத்தேன். காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை மீத்தேன் கலந்திருந்தால், ஒரு சின்னப் பொறி போதும்.

அதனால் கருவி வாங்குவதற்கு முன்பே இடத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாயு எப்போதும், அல்லது நெடுநேரம் இருக்கும் இடம் மண்டலம் 0. வழக்கமான வேலை நேரத்திலேயே அவ்வப்போது வரக்கூடிய இடம் மண்டலம் 1. வழக்கத்தில் வராது, கசிவு ஏற்பட்டால் மட்டும் கொஞ்ச நேரம் வந்து போகும் என்றால் மண்டலம் 2. அதற்கு அப்பால் சாதாரண இடம்.

பெட்ரோல் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். பூமிக்கடியில் உள்ள தொட்டியில் பெட்ரோலுக்கு மேலே இருக்கும் வெற்றிடம் மண்டலம் 0. தொட்டியின் காற்றுக் குழாய் வாயைச் சுற்றி மண்டலம் 1. இன்னும் கொஞ்சம் தள்ளினால் மண்டலம் 2. நீங்கள் ரொட்டி வாங்கும் கடை சாதாரண இடம். ஒரே நிலையம்தான், ஆனால் நான்கு விதமான காற்று.

"உங்கள் ஆலைக்கு மண்டல வரைபடம் இருக்குமே?" என்றேன். இருந்தது. ஆலோசகர் நிறுவனம் வரைந்து கொடுத்தது, மடிக்கணினியில் ஒரு மூலையில் கிடந்தது. அவன் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. விளக்குப் பட்டியல் தயாரித்தவரும் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். "பயோகேஸ் பகுதி, 14 விளக்கு" என்று மொத்தமாக எழுதிவிட்டார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு விளக்காக எண்ணினோம். புளோவர், வாயுக் குழாய் இணைப்புகள், அழுத்தம் வெளியேற்றும் வால்வு ஆகியவற்றைச் சுற்றி 5 விளக்குகள் மட்டுமே மண்டலத்துக்குள் வந்தன. மீதி 9 விளக்குகளும் நடைபாதை ஓரத்திலும் வேலி ஓரத்திலும் இருந்தன. அதில் மூன்று, கம்பத்தைச் சற்று நகர்த்தினால் மண்டலத்தை விட்டு நன்றாகவே விலகிவிடும்.

ஆபத்தான இடத்துக்கு மின்கருவி வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இது இங்கே இருந்தே ஆக வேண்டுமா?" என்பதுதான். சுவிட்சைச் சுவருக்கு வெளியே வைக்க முடியுமா, விளக்கைத் தள்ளி நட்டு வெளிச்சத்தை மட்டும் உள்ளே அனுப்ப முடியுமா என்று பாருங்கள். மண்டலத்துக்குள் இல்லாத கருவிதான் எல்லாவற்றிலும் பாதுகாப்பானது, மலிவானதும் அதுதான். என் மருமகன் கால்குலேட்டரை எடுத்தான். 5 விளக்குகள் 2,150 ரிங்கிட் வீதம் 10,750. ஒன்பது சாதாரண வெளிப்புற விளக்குகள் 300 ரிங்கிட் வீதம் 2,700. மொத்தம் 13,450 ரிங்கிட். பதினான்கையும் விலை உயர்ந்ததாகவே வாங்கியிருந்தால் 30,100 ஆகியிருக்கும்.

அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்படின்னா அந்த அஞ்சுக்கும் 420 வெள்ளி விளக்கையே போட்டா இன்னும் குறையுமே மாமா?" என்றான். நான் எதிர்பார்த்த கேள்விதான்.

பெட்டிக்குள் வெடிக்கலாம்

"எக்ஸ்புளோஷன் புரூப்" என்றால் வெடிக்கவே வெடிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நாங்கள் எக்ஸ்-டி என்று சொல்லும் கனமான உலோகப் பெட்டிக்குள் வாயு நுழையலாம், உள்ளேயே வெடிக்கவும் செய்யலாம். பெட்டி அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டும். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளி வழியாக வெளியேறும் சூடான வாயு, வழியிலேயே குளிர்ந்துவிட வேண்டும். வெளியே இருக்கும் வாயுவைப் பற்றவைக்கும் வலு அதற்கு இருக்கக் கூடாது. இதுதான் அதன் முறை. அந்த இடைவெளியில் ஒரு கீறல் விழுந்தாலும், ஒரு போல்ட்டை மாட்டாமல் விட்டாலும், பெட்டி வெறும் இரும்புதான்.

வேறு முறைகளும் உண்டு. பொறியோ அதிகச் சூடோ வராதபடி கவனமாகக் கட்டிய இணைப்புப் பெட்டி எக்ஸ்-இ. மின்சாரத்தின் ஆற்றலையே மிகக் குறைவாக வைத்து, பொறி வந்தாலும் பற்றாதபடி செய்வது எக்ஸ்-ஐ. அளவுக் கருவிகளில் இதை நிறையப் பார்க்கலாம்.

இந்தக் கடைசி முறை பிறந்த கதையை நான் பயிற்சி வகுப்புகளில் எப்போதும் சொல்வேன். 1913 அக்டோபர் 14ஆம் தேதி வேல்ஸ் நாட்டில் செங்ஹெனித் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிப்பு நிகழ்ந்தது. 439 தொழிலாளர்கள் இறந்தார்கள். காரணம் உறுதியாக நிறுவப்படவில்லை. ஆனால் சுரங்கத்துக்குள் சைகை கொடுக்கப் பயன்பட்ட மின்மணியின் பொறியாக இருக்கலாம் என்ற சந்தேகம் வலுவாக எழுந்தது. அந்த மணி ஓடியது பேட்டரியில். இவ்வளவு குறைந்த மின்சாரம் என்ன செய்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். பிறகு நடந்த ஆய்வுகளில், அந்த மணிச் சுற்றில் எழும் பொறியே மீத்தேனைப் பற்றவைக்கப் போதும் என்று தெரிந்தது. எக்ஸ்-ஐ முறைக்கு வித்து அங்கேதான் விழுந்தது.

சட்டைப் பையில் கைத்தொலைபேசியோடு மண்டலத்துக்குள் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். "சின்ன பேட்டரிதானே" என்று அன்றைக்கும் சொன்னார்கள்.

தகட்டில் எழுதியிருப்பது

ஒவ்வொரு எக்ஸ் கருவியிலும் ஒரு பெயர்த்தகடு இருக்கும். அதில் வரிசையாக எழுத்துகளும் எண்களும் இருக்கும். பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் மூன்று விஷயங்களைப் பிடித்துக்கொண்டால் போதும்.

ஒன்று, வாயுக் குழு. டூ-ஏ, டூ-பி, டூ-சி என்பார்கள். புரோப்பேன் டூ-ஏ, எத்திலீன் டூ-பி, ஹைட்ரஜனும் அசிட்டிலீனும் டூ-சி. ஹைட்ரஜனைப் பற்றவைக்க, மீத்தேனுக்குத் தேவைப்படும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். டூ-சி கருவியை டூ-ஏ இடத்தில் வைக்கலாம், மாற்றி வைக்கக் கூடாது. ஆலைகளில் மீத்தேன் டூ-ஏவில் வரும்.

இரண்டு, வெப்ப வகுப்பு. டி1 என்றால் கருவியின் மேற்பரப்பு 450 பாகை செல்சியஸ் வரை சூடாகலாம். டி2 என்றால் 300, டி3 200, டி4 135, டி5 100, டி6 85. இந்த எண், அங்குள்ள வாயு தானாகப் பற்றிக்கொள்ளும் வெப்பத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். மீத்தேன் தானாகப் பற்ற 500 பாகைக்கு மேல் வேண்டும், அதனால் டி1கூடப் போதும். கார்பன் டைசல்பைடு சுமார் 90 பாகையிலேயே பற்றிக்கொள்ளும். அங்கே டி6 தவிர வேறு வழியில்லை. பொறியே இல்லாமல் சூடு மட்டும் போதும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது நம் ஊருக்கு மிக முக்கியம். கருவி எந்தச் சுற்றுப்புற வெப்பத்துக்குச் செய்யப்பட்டது? தகட்டில் தனியாக ஒன்றும் எழுதவில்லை என்றால், கழித்தல் 20 முதல் 40 பாகை வரை என்று பொருள். ஐரோப்பாவில் அது தாராளம். நம் ஊரில் தகரக் கூரைக்கு அடியில், இயந்திரங்களுக்கு நடுவில், மதியம் இரண்டு மணிக்கு நின்று பாருங்கள். 40 பாகையைச் சுலபமாகத் தாண்டும். அப்போது வெப்ப வகுப்புக் கணக்கு முழுவதும் மாறிவிடும். அத்தகைய இடத்துக்கு 50 அல்லது 55 பாகை என்று தகட்டில் எழுதியிருக்கும் கருவியைக் கேட்டு வாங்க வேண்டும்.

பயோகேஸ் இடத்துக்கு இன்னொன்றும் உண்டு. அந்த வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு கலந்திருக்கும். அது மனிதருக்கு நஞ்சு, செம்புக்கும் எதிரி. மழையும் ஈரமும் சேர்ந்தால் இணைப்புகளை அரித்துவிடும். எனவே தண்ணீரும் தூசும் புகாத தரமும், அரிப்பைத் தாங்கும் பொருளும் பார்க்க வேண்டும்.

சான்றிதழின் கடைசி எழுத்து

420 வெள்ளி விளக்கின் கையேட்டில் ஒரு சான்றிதழ் எண் இருந்தது. ஐஇசி-எக்ஸ் சான்றிதழ்களை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். தேடினோம். எண் உண்மையானதுதான். ஆனால் அதன் கடைசியில் 'யு' என்ற எழுத்து இருந்தது.

'யு' என்றால் அது ஓர் உதிரிப் பாகத்துக்கு மட்டும் கொடுத்த சான்றிதழ். திறந்து படித்தால், வெறும் காலிப் பெட்டிக்குக் கொடுத்தது. யாரோ அந்தப் பெட்டியை வாங்கி, உள்ளே விளக்கை வைத்து, பெட்டியின் சான்றிதழையே முழு விளக்குக்கும் காட்டியிருக்கிறார்கள். உள்ளே விளக்கு எரியும்போது எவ்வளவு சூடாகும் என்று யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை.

விலை உயர்ந்த விளக்கின் எண் 'எக்ஸ்' என்று முடிந்தது. "இதுவும் கோளாறா மாமா?" என்றான். கோளாறு இல்லை. சிறப்பு நிபந்தனை இருக்கிறது, படித்துப் பார் என்று அர்த்தம். படித்தோம். உலர்ந்த துணியால் துடைக்கக் கூடாது, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும் என்று இருந்தது. பிளாஸ்டிக் மேற்பரப்பை உலர்ந்த துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் சேர்ந்து பொறி வரலாம். இந்த ஒரு வரி வாங்குகிறவருக்குத் தெரிந்தால் போதாது, விளக்கைத் துடைக்கிறவருக்குத் தெரிய வேண்டும்.

நான் போட்ட ஓட்டை

இவ்வளவு சொன்ன பிறகும் அவன் தயங்கினான். "மேனேஜர் கேட்டா என்ன சொல்றது? இத்தனை வருசமா ஒண்ணும் நடக்கலையேன்னுதான் சொல்வாரு."

அப்போதுதான் அவனிடம் சொன்னேன். என் வீட்டிலும் இதை அதிகம் பேசியதில்லை.

எனக்கு அப்போது 26 வயது. கிள்ளான் பக்கம் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் வயர்மேன் வேலை. தின்னர் நிரப்பும் கொட்டகையில் புதிதாக ஒரு பொத்தான் வைக்கச் சொன்னார்கள். அங்கிருந்த எக்ஸ்-டி பெட்டியில் இன்னொரு கேபிள் நுழைக்க வழியில்லை. நான் டிரில்லை எடுத்துப் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, சாதாரண பிளாஸ்டிக் கிளாண்டு மாட்டிவிட்டேன். அரை மணி நேர வேலை. பார்க்கச் சுத்தமாக இருந்தது. சூப்பர்வைசர் பாராட்டவும் செய்தார்.

மூன்று மாதம் கழித்து வயதான ஒரு சார்ஜ்மேன் வந்தார். நாங்கள் எல்லாரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். பெட்டியைப் பார்த்தார். என்னை அழைத்தார். திட்டவில்லை. "தம்பி, உள்ளே வெடிச்சா நெருப்பு இந்த ஓட்டை வழியாத்தான் வரும். அதுக்கு நேரா யாரு நிக்கிறா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். அங்கே ஓர் அக்கா நின்று டிரம்களில் தின்னர் நிரப்புவார். இரண்டு பிள்ளைகள். மதியம் நான் சாப்பாடு கொண்டுவராத நாள்களில் அவருடைய டப்பாவிலிருந்து எனக்கும் பங்கு வைப்பார். மூன்று மாதமாக நான் அவர் முகத்துக்கு நேராக ஒரு துளையைத் திறந்து வைத்திருந்தேன்.

அன்றே மின்சாரத்தை நிறுத்திப் பெட்டியை மாற்றினோம். ஒன்றும் நடக்கவில்லை. அந்த அக்காவுக்கு எதுவும் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. ஒன்றும் நடக்காததால் நான் செய்தது சரியாகிவிடாது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் எக்ஸ் வேலையை முறையாகப் படித்தேன். வயர்மேன், சார்ஜ்மேன் உரிமம் இருப்பது வேறு, எக்ஸ் பயிற்சி பெற்றிருப்பது வேறு. நல்ல கருவி வாங்கி, பயிற்சி இல்லாதவர் கையில் கொடுத்தால், அன்று நான் செய்ததைத்தான் அவரும் செய்வார்.

மாவும் எரியும், வீட்டிலும் வாயு உண்டு

வாயு இல்லாத இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2021 பிப்ரவரி 24ஆம் தேதி சிங்கப்பூரில் துவாஸ் பகுதியில் நடந்த விபத்தில் 3 தொழிலாளர்கள் இறந்தார்கள், 7 பேர் காயமடைந்தார்கள். மிக்ஸர் இயந்திரத்தின் எண்ணெய் உறை வெடித்தது முதல் நிகழ்வு. அதன் பிறகு அங்கே படிந்திருந்த உருளைக்கிழங்கு மாவுத் தூசு மேலெழுந்து பற்றிக்கொண்டது. மாவு, சர்க்கரை, மரத்தூள், அலுமினியத் தூள் எல்லாமே காற்றில் பறக்கும்போது எரியும். தூசுக்கும் 20, 21, 22 என்று தனி மண்டலங்கள் உண்டு, தனிக் கருவிகளும் உண்டு. வாயுவுக்குச் செய்த கருவி தூசுக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். தகட்டில் தூசுக்கான குறியும் இருக்கிறதா என்று பாருங்கள். கருவியின் மேல் தூசு படியவும் விடாதீர்கள். படிந்த தூசு போர்வைபோல் சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும்.

வீட்டில் சமையல் வாயு வாடை வந்தால் என்ன செய்வது? அப்போது உங்கள் சமையலறையும் ஒரு மண்டலம்தான், ஆனால் அங்கே எக்ஸ் சுவிட்ச் கிடையாது. மின்விசிறியைப் போடாதீர்கள், எரிகிற விளக்கை அணைக்கவும் வேண்டாம். போடும்போதும் அணைக்கும்போதும் சுவிட்சுக்குள் பொறி வரும். முடிந்தால் சிலிண்டர் வால்வை மூடுங்கள், கதவு சன்னல்களைத் திறங்கள், பிள்ளைகளோடு வெளியே போய் அங்கிருந்து உதவிக்கு அழையுங்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு தங்கும் என்பதால் வாசல் கதவையும் திறப்பது அவசியம்.

திங்கட்கிழமை

மறுநாள் இரவு எட்டு மணிக்கு அவன் அழைத்தான். வரைபடத்தையும், சான்றிதழ்கள் இரண்டையும், 13,450 என்ற கணக்கையும் மேனேஜர் மேசையில் வைத்தானாம். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "நீ கொண்டுவந்த மலிவு விளக்கைப் போட்டிருந்தால் யார் பெயர் வரும்?" என்று கேட்டாராம்.

"என் பெயர்தான் சார்னு சொன்னேன் மாமா. கையெழுத்து என்னுடையதுதானே."

கம்பங்களை நகர்த்துவது பற்றி வரைபடம் வரைந்த ஆலோசகரிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்கச் சொல்லியிருக்கிறார். பதில் வந்த பிறகுதான் ஆர்டர். இரண்டு வாரம் தாமதமாகும். ஆகட்டும்.

"பொருத்தப் போறது யாரு? எக்ஸ் பயிற்சி இருக்கா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நாளைக்குக் கேக்கறேன் மாமா," என்றான்.

கேட்டுவிட்டு எனக்கும் சொல் என்றேன். பதில் வந்ததும் உங்களுக்கும் சொல்கிறேன்.